வெள்ளியங்கிரியின் மெத்தை வைத்த பல்

வெள்ளியங்கிரி முதன்முதலில் கடித்த மனிதன் அவனுடைய பங்காளி கந்தவேல். அப்போது இருவருக்கும் பதினோரு வயது. பம்பரத்துக்காகப் புழுதியில் கட்டிப் புரண்டபோது, கந்தவேலின் இடது காதில் கீழ்ப்பாதி வெள்ளியங்கிரியின் வாயோடு வந்துவிட்டது. அதைத் துப்பிவிட்டு, பம்பரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான் என்பது ஊர் சொல்வது. துப்பவில்லை என்பது நான் சொல்வது.

அதற்குப் பிறகு அந்தப் பற்களுக்கு ஓய்வே கிடையாது. பத்தொன்பது வயதில் மாட்டுச் சந்தையில் ஒரு தரகனின் கட்டை விரலைக் கடித்தான். தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வண்டியை மறித்த ஒருவனின் முழங்கையைக் கடித்தான். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் உதட்டில் அந்த ஆளின் ரத்தம் இருந்ததை அவன் பெண்டாட்டி சௌந்திரம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வெண்ணந்தூர்ப் பக்கம் ஏரிச் சேற்றில் புதைந்துபோன போர்வெல் வண்டியை, வடக்கயிற்றைப் பல்லில் கவ்வி நான்கடி தூரம் வெளியே இழுத்தான். நான்கடி என்பது என் கணக்கு. கூட இருந்தவர்கள் எட்டடி என்பார்கள். கூட்டிச் சொல்லும் புத்தி சனங்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

தொழில் என்று பார்த்தால் அவன் குமாரபாளையத்தில் நூல் வெளுக்கும் பட்டறை ஒன்றில் தொட்டிக்காரன். பழுப்பாக வந்து இறங்கும் நூல் சிட்டங்களை முதல் தொட்டியில் காரத்தில் வேகவைத்து, இரண்டாவது தொட்டியில் ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கி, மூன்றாவதில் அலசி, கழியில் கோத்து வெயிலில் போடுவான். நாற்பது வருடம் அந்த மருந்தில் கை வைத்ததில் அவன் விரல்களில் ரேகையே இல்லை. ரேஷன் கடை எந்திரம் அதை மனித விரல் என்று ஒப்புக்கொள்ளாது. சௌந்திரம் போய் விரல் வைத்தால்தான் அந்த வீட்டுக்கு அரிசி.

பட்டறை முதலாளி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய், ரெண்டாந்தொட்டி" என்றுதான் கூப்பிடுவார். காதைக் கடிக்கிறவன் இதற்கு மட்டும் எப்படி வாய் திறக்காமல் இருந்தான் என்றால், மாசி அமாவாசை ஒன்று இருந்ததால்தான்.

சிவராத்திரி முடிந்த அமாவாசையன்று எங்கள் ஊர் அங்காளம்மன் மயானத்துக்குப் போவாள். மயானக் கொள்ளை. அம்மன் வேஷம் கட்டுகிறவன் தலையில் பித்தளைக் கிரீடம், தோளில் மரத்தாலான எட்டுக் கை, முகத்தில் ரத்தச் சிவப்பு. மேளம் உச்சத்துக்குப் போகும்போது உயிருள்ள சேவல் ஒன்றை அவன் கையில் கொடுப்பார்கள். கையால் திருகக் கூடாது, கத்தி கூடாது, பல்தான். ஒரே கடியில் கழுத்து ஒடிய வேண்டும், இரண்டாம் கடி கிடையாது. கடித்து முடித்ததும் ஊர் மொத்தமும் அவன் காலில் விழும். பட்டறை முதலாளியும் விழுவார். குப்புறக் கிடக்கிற குழந்தையைத் தாண்டுவது போல அவர் முதுகைத் தாண்டிப் போவான் வெள்ளியங்கிரி. இருபத்தெட்டு வருடம் அப்படித் தாண்டினான். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் "ரெண்டாந்தொட்டி" என்று கூப்பிட்டால் அவனுக்கு வலிக்காமல் இருந்தது அந்த ஒரு தாண்டலினால்.

இப்போது கந்தவேலுக்கு வருவோம்.

அரைக் காதோடு வளர்ந்த கந்தவேல் சங்ககிரியில் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு லாரியும் வாங்கினான். ஆனால் மாசி அமாவாசையில் அவன் கூட்டத்தோடு கூட்டமாகத் தன் காதைத் தின்றவன் காலில் விழ வேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தின தை மாதம், மாசித் திருவிழா நோம்பியைப் பேசக் கோயில் வாசலில் கூடியிருந்தபோது அவன் எழுந்து நின்றான்.

"இருவத்தெட்டு வருசம் ஒரே வகையறா கடிச்சுப் போட்டீங்க. இந்த வருசம் எங்க வகையறா. நானு கடிக்கறேன்."

வெள்ளியங்கிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: "அம்மனுக்கு ரெண்டு காதுலயும் தோடு போடோணும்டா. உன்ற காதுல எங்க மாட்டறது?"

கூட்டம் சிரித்தது. கந்தவேல் லாரிக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் வீல் பானா இருந்தது. லாரிச் சக்கரத்து நட்டுகளைக் கழற்றுகிற அந்த இரும்பு முழங்கை நீளம் இருக்கும். சிரித்துக்கொண்டிருந்த வாயின் நடுவிலேயே அது இறங்கியது. ஊர்ப் பெரியதனக்காரர் பச்சமுத்து சற்றுத் தள்ளி நின்றிருந்தார். யாரோ தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு பல் அங்கேயே உதிர்ந்தது. தாடை இரண்டு இடத்தில் ஒடிந்தது. மிச்சப் பற்கள் வேர் ஆடிப்போனதால் ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்கள். தாடையில் கட்டிய கம்பி கழற்றுவதற்கு முன்பே வெள்ளியங்கிரி எழுந்து, பட்டறையிலிருந்து நூல் கழி ஒன்றை உருவிக்கொண்டு சங்ககிரிக்குப் பஸ் ஏறினான். லாரி நிறுத்தத்தில் வைத்துக் கந்தவேலின் தோள்பட்டை எலும்பை உடைத்தான். அப்படியும் அடங்காமல் லாரியின் இரண்டு கண்களையும் உடைத்தான். போலீஸ் ஸ்டேஷனில் இருவரும் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவன் இடது கையாலும் இன்னொருவன் ரேகையில்லாத விரலாலும்.

அந்த மாசியில் கந்தவேல்தான் கடித்தான். தோளில் கட்டோடு கிரீடம் வைத்துக்கொண்டு, ஒரே கடி. வெள்ளியங்கிரி புளியமரத்தடியில் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தான். மறுநாள் பட்டறையில் முதலாளி "ஏய், ரெண்டாந்தொட்டி" என்றபோது, கையிலிருந்த சிட்டத்தைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தான். ஈரச் சிட்டம். இரண்டு நாள் அவர் கண் திறக்கவில்லை. வேலை போகாதது, அந்த மருந்தின் பதம் அறிந்தவன் வேறு யாரும் இல்லாததால்.

பிறகு பல் செட்டு. முதலில் ஒரு செட்டு கட்டினார்கள். மேல் செட்டு அடங்கிவிட்டது. கீழ்ச்செட்டு அடங்கவில்லை. ஒடிந்து கூடிய தாடையில் ஈறு கத்தி முனைபோல மெலிந்திருந்தது. கெட்டியான செட்டு அதில் உட்கார்ந்தால் உயிர் போகும். ஆறு மாதம் செட்டைச் சட்டைப் பையில்தான் போட்டுக்கொண்டு திரிந்தான். அப்புறம்தான் யாரோ சொல்லி, குமாரபாளையத்தில் நூல் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் டாக்டர் தேவிப்ரியாவிடம் போனான். சின்னப் பெண். ஆனால் அவன் வாயைத் திறக்கச் சொன்ன அதட்டலில் அவன் கண்ணையும் சேர்த்துத் திறந்தான்.

"ஈறு ரொம்ப மெலிசா இருக்குதுங்கய்யா. கீழ்ச்செட்டுக்கு உள்பக்கம் மெத்தை வெச்சுத் தாரேன். ரப்பராட்ட மெதுமெதுன்னு இருக்கும். கடிக்கற பாரம் ஈறுல ஏறாம அது வாங்கிக்கும்."

"எவ்வளவு பாரம் வாங்கும் அம்முணி?"

"என்ன கடிக்கப் போறீங்க?"

"கோழி."

"வேக வெச்சுத்தானுங்க?"

வெள்ளியங்கிரி வாயை இன்னும் அகலமாகத் திறந்து காட்டினான்.

மெத்தை வைத்த செட்டை அவள் அவன் கையில் கொடுத்தபோது, பச்சைக் குழந்தையை ஒப்படைப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். துளி சோப்பு, குழந்தைகளுக்கு விற்கிற மெதுவான பிரஷ், அவ்வளவுதான். ராத்திரி கழற்றி வெறும் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது. மருந்துக் கடையில் நுரைத்துப் பொங்குகிற மாத்திரை விற்கிறார்கள், அதையும் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது. "கெட்டிச் செட்டுக்கு ஆகறது எல்லாம் இந்த மெத்தைக்கு ஆகாதுங்கய்யா. ஞாபகம் வெச்சுக்கோங்க."

படி இறங்கியதும் ரோட்டோரம் வறுத்த கடலை வாங்கி வாயில் போட்டான். நொறுங்கியது. வலிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதான் என்கிறாள் சௌந்திரம். அடுத்த நிமிடமே வரிசையில் முந்திய ஒருவனைக் கீழே தள்ளினான் என்றும் சொல்கிறாள். இரண்டையும் நம்புகிறேன்.

தை மாதம் கோயில் வாசலில் மறுபடி பஞ்சாயத்து. பொய்ப் பல்லால் கடிப்பது செல்லாது என்று கந்தவேல் குதித்தான். பச்சமுத்து வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னார்: "பல்லு கடையில வாங்குனதா இருக்கட்டும் சாமி. கடி அவனுதா இருந்தாப் போதும். ஆனா ஒண்ணு, சேவல் தப்பிச்சுப் போச்சுன்னா அப்பறம் உங்க வகையறாவுக்கு மூணு தலைமுறைக்குக் கிரீடம் கெடையாது."

வெள்ளியங்கிரி தலையாட்டினான். ஒரே மகன் பெங்களூரில் இருக்கிறான். கோழியைக் குழம்பில் மட்டும் பார்த்திருக்கிறவன். ஆகவே மூன்று தலைமுறை என்பது வெள்ளியங்கிரியின் மிச்ச ஆயுசுதான்.

காப்புக் கட்டி எட்டு நாள் விரதம். அந்த எட்டு நாளும் வீட்டில் கவிச்சி பட்ட பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது. சௌந்திரம் சட்டிகளை எல்லாம் பரண்மேல் ஏற்றினாள். வெங்கலத்தைப் புளி போட்டு விளக்கினாள். வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். கடைசியாகப் புருஷன் வாயைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தப் பல்லு பொங்கலுக்கு நாட்டுக்கோழி தின்ன பல்லுங்க. எலும்பைக்கூட உடலீங்க நீங்க. இதை வாயில வெச்சுட்டு அம்மனுக்கு முன்னால நிக்கறதுங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது. சட்டியைப் பரண்மேல் ஏற்றலாம். பல்லை எங்கே ஏற்றுவது?

"இதை எதைப் போட்டு வெளக்கறதுன்னு அந்த டாக்டரூட்டுப் புள்ள சொன்னாளுங்களா?"

"எதைப் போட்டு வெளக்கறதுன்னு என்றகிட்டக் கேக்கறயா? நாப்பது வருசமா நான் அங்க என்னத்தப் புடுங்கீட்டு இருக்கறேன்?"

மறுநாள் பட்டறையில் நூலுக்கு என்ன செய்வானோ அதையே செட்டுக்கும் செய்தான். முதலில் இளஞ்சூடான காரத்தண்ணீர். பிறகு ஒரு டப்பாவில் ப்ளீச்சிங் மருந்து, தண்ணீர் கலக்காமல். அதில் பொழுது சாயும்வரை ஊற வைத்தான். பிறகு அலசல். நாற்றம் போகாத நூலை இரண்டாம் தரம் வெளுப்பது பட்டறை வழக்கம். அவன் ஐந்து நாளும் வெளுத்தான். உலகத்தில் அழுக்கு என்று ஒன்று இருந்தால் அந்தத் தொட்டியைத் தாண்டிப் பிழைக்காது என்பது அவன் கண்ட உண்மை. அதில் சந்தேகமே இல்லை. செட்டு பாலைப்போல வெளுத்துவிட்டது. பார்த்தவர்கள் கண் கூசினார்கள். சேலம் ரோட்டில் எதிரே வந்த லாரிகள் விளக்கை மங்கலாக்கின என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

ஆனால் மெத்தை மெத்தையாக இல்லை. மூன்றாம் நாளே அழுத்தினால் அமுங்காமல் காய்ந்த செருப்புத் தோல்போல் ஆனது. ஐந்தாம் நாள் அதன் மேலெல்லாம் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. ஓரத்தில் விரல் நகம் நுழைகிற அளவுக்குப் பிரிந்து நின்றது. ஈறு வெந்து, பட்டாணி அளவில் நான்கு புண். எச்சில் துப்பினால் சிவப்பு. விரதக்காரன் கோபப்படக் கூடாது. அவன் பட்டறைக் கதவை மட்டும் உதைத்து உடைத்தான். பிறகு வழியில் கிடந்த ஒரு கல்லை, பிறகு வழியில் கிடக்காத ஒரு ஆளை.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேவிப்ரியாவின் முன்னால் வாயைத் திறந்தான். அவள் செட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

"எதுல போட்டீங்க?"

"தண்ணியிலதான்."

"அய்யா, இந்தத் தெருவுல பொறந்து வளந்தவ நான். எங்கூட்டுக் கெணத்துலயே இந்த வாசம் அடிக்கும். எதுல போட்டீங்க?"

சொன்னான்.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த மெத்தையின் ஓரத்தை விரலால் இழுத்தாள். காய்ந்த தோலாக உரிந்து வந்தது. "இதுக்குள்ள எண்ணெயாட்ட ஒரு பசை இருக்குதுங்க. அந்தப் பசைதான் மெதுமெதுப்பு. உங்க மருந்து அதை உறிஞ்சி எடுத்துப்போட்டுது. இப்ப இது மெத்தை இல்லைங்க, ஈறைத் தேய்க்கற அரம். நூலும் இதுவும் ஒண்ணுங்களா? நூலை வெளுத்தா நூல் மிச்சம் இருக்கும். இதை வெளுத்தா நிறம் மட்டுந்தான் மிச்சம்."

"புது மெத்தை வெச்சுக் குடு அம்முணி. நாளானிக்கு நோம்பி."

"புண்ணு மேல வெக்க மாட்டேன். பத்து நாள் இந்தச் செட்டு வாயில ஏறவே கூடாது. கூழு குடிங்க. ஆறட்டும்."

"பத்து நாளா? நாளானிக்கு அம்மன் வருவா!"

"அம்மனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன். செட்டை மேசை மேல வெச்சுட்டுப் போங்க."

மேசைமேல் வைத்தான். அவள் கை கழுவத் திரும்பியபோது எடுத்துக்கொண்டு படியிறங்கினான். உரிந்த இடத்தில் வீட்டில் சைக்கிள் பஞ்சர் பசை போட்டு ஒட்டினான்.

அமாவாசையன்று மதியம் இரண்டு மணி வெயில். மயானத்தில் முந்நூறு பேர். வெள்ளியங்கிரி கிரீடமும் எட்டுக் கையுமாக வந்து நின்றபோது உதட்டோரத்தில் ஏற்கெனவே ரத்தம் கசிந்தது. வேஷம் என்று நினைத்துச் சனம் கும்பிட்டது. மேளம் ஏறியது. சேவலை நீட்டினார்கள். செவலைச் சேவல், கழுத்து என் மணிக்கட்டுப் பருமன். அவன் வாயைத் திறந்தான். அந்த வெளுப்பைப் பார்த்து முன்வரிசையே "ஆத்தா" என்றது.

கடித்தான்.

பல் இறங்கியது. ஈறு இறங்கவில்லை. சொரசொரத்த மெத்தை நான்கு புண்ணையும் ஒரே இழுப்பில் கிழித்தது. அவன் போட்ட கத்தலில் வாய் விரிந்தது. பஞ்சர் பசை விட்டது. மேல் செட்டும் கீழ்ச்செட்டும் சேவலின் கழுத்து மயிரைக் கவ்வியபடியே வாயைவிட்டு வெளியே வந்தன. இது எப்படி நடக்கும் என்று என்னைக் கேட்கக் கூடாது. முந்நூறு பேர் பார்த்தார்கள். சேவல் துள்ளித் தரையில் விழுந்து, கழுத்தில் ஒரு மனிதச் சிரிப்பை மாட்டிக்கொண்டு மயானத்தைச் சுற்றி ஓடியது. மேளக்காரன் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

கந்தவேல் சிரித்தான். முப்பத்திரண்டையும் காட்டி, அரைக் காதும் ஆட ஆடச் சிரித்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டு காளை மாதிரிப் பாய்ந்தான். பித்தளைக் கிரீடத்தின் நெற்றிப் பட்டை நேரே அந்தச் சிரிப்பில் போய் மோதியது. கந்தவேல் மல்லாந்து சாம்பலில் விழுந்தான். விழுந்தவன் சாம்பலை அள்ளி அம்மன் கண்ணில் எறிந்தான். எட்டு மரக்கையில் ஒன்றைப் பிடுங்கி அதனாலேயே அம்மனின் விலாவில் குத்தினான். வெள்ளியங்கிரி அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்து மறுபடி முட்டினான். மறுபடி. கிரீடம் வளைந்தது. பல் உடைகிற சத்தம் இந்த முறை பச்சமுத்துவுக்குச் சரியாகக் கேட்டது. ஆறு பேர் சேர்ந்து பிரித்தபோது இருவர் முகமும் ஒரே சிவப்பு. எது சாயம், எது ரத்தம் என்று துடைத்துப் பார்த்தவனுக்கும் தெரியவில்லை.

போலீஸ்காரர் வந்து கேட்டார்: "யாருய்யா அடிச்சது?"

"அம்மனுங்க," என்றார் பச்சமுத்து.

"வெளையாடறீங்களா? வேஷத்துக்குள்ள யாரு?"

"வேஷத்துக்குள்ள அம்மன்தானுங்க இருப்பா. எழுதிக்கோங்க. பேரு அங்காளம்மன், ஊடு மயானம்."

அவர் எழுதவில்லை. சேவலைப் புளியமரத்து உச்சியிலிருந்து மறுநாள்தான் இறக்கினார்கள். அதைக் கொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்னும் கோயிலில் திரிகிறது; கொழுத்துப்போய் நாயைத் துரத்துகிறது.

மூன்று தலைமுறைத் தீர்ப்பு என்ன ஆயிற்று என்றால், சேவல் தப்பியதால் கிரீடம் கந்தவேலுக்குப் போக வேண்டும். ஆனால் கந்தவேல் வாயில் இப்போது கடிக்க ஒன்றுமில்லை, பெற்றதும் இரண்டும் பெண். பச்சமுத்து பழைய தீர்ப்பை விழுங்கிவிட்டுப் புதிதாக ஒன்று சொன்னார். அடுத்த மாசியில் இரண்டு பேரும் நிற்கட்டும், இரண்டு சேவல், எவன் கடியில் கழுத்து ஒடிகிறதோ அவனுக்கே கிரீடம்.

ஐப்பசியில் ஒருநாள் தேவிப்ரியாவின் மாடியில் ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளியங்கிரிக்கு ஆறிய ஈறும் புது மெத்தையும். கந்தவேலுக்கும் தாடை நொறுங்கியதில் அதே கதி. அன்றுதான் அவன் கீழ்ச்செட்டுக்கு மெத்தை வைத்துக் கொடுத்திருந்தாள். வெறும் தண்ணீர், துளி சோப்பு, சுடுதண்ணீர் ஆகாது, மருந்து எதுவும் ஆகாது என்று அவனுக்கும் அதே பாடம். அவள் அடுத்த ஆளைப் பார்க்க உள்ளே போனதும் கந்தவேல் பக்கத்தில் நகர்ந்தான்.

"ஏன்டா வெள்ளி. போன மாசியில உன்ற பல்லு வெளுத்திருந்துச்சே, முட்டை ஓடாட்ட. எதுலடா கழுவுன?"

மெத்தை ஏன் பிரிந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சேவல் இழுத்ததில் வந்துவிட்டது என்றுதான் பேச்சு. வெளுக்கிற தொழிலில் நாற்பது வருடம் இருந்தவன் வெளுத்துக் கெடுத்தான் என்று தெரிந்தால் வெட்கம் என்று அவனும் சௌந்திரமும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளியங்கிரி கொஞ்ச நேரம் கந்தவேலின் அரைக் காதைப் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்:

"வெறும் தண்ணிடா. டாக்டரூட்டு அம்முணி சொன்னாப்பல. ப்ளீச்சிங்கை மட்டும் கிட்டச் சேத்திப்போடாதே."

கந்தவேல் அவனை மேலும் கீழும் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "செரி, செரி" என்று எழுந்து போனான். அவன் படியிறங்கி நேரே எந்தத் தெருவுக்குப் போனான் என்று பார்க்க வெள்ளியங்கிரி ஜன்னலுக்குப் போகவே இல்லை. போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்த வருடம் காப்புக் கட்டியதும் சௌந்திரம் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். "கவிச்சி பட்ட பல்லுங்க" என்றாள்.

"வெறும் காவேரித் தண்ணி போதும். அம்மனே அதுலதான் குளிக்கறா. கிட்ட வந்தீனா கையை ஒடிச்சுப்போடுவேன்."

"என்ற கையை ஒடிச்சா ரேஷனுக்கு நீங்கதானுங்க போகோணும்" என்று சொல்லிவிட்டு அவள் மஞ்சள் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள்.

போன மாசி. அதே மயானம், அதே வெயில். முதலில் கந்தவேல். வாயைத் திறந்தான், முன்வரிசை கண்ணைப் பொத்திக்கொண்டது, அவ்வளவு வெளுப்பு. வெள்ளியங்கிரி மட்டும் பல்லைப் பார்க்கவில்லை. உதட்டோரச் சிவப்பைப் பார்த்தான். கந்தவேல் கடித்தான், அலறினான், சேவலும் கீழ்ச்செட்டும் ஆளுக்கொரு திசையில் போயின. சேவல் போகிற போக்கில் அவன் நெற்றியில் காலால் கீறிவிட்டுப் போனது.

பிறகு வெள்ளியங்கிரி. ஒரே கடி. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். தாடைவழியாக ரத்தம் எட்டுக் கையிலும் சொட்ட, தலை தொங்கிய சேவலை வாயில் வைத்தபடியே நடந்தான். சனம் விழுந்தது. முதலாளியும் விழுந்தார். இந்த முறை வெள்ளியங்கிரி தாண்டவில்லை. முதுகின்மேல் மிதித்து நடந்தான்.

பொழுது சாய்வதற்குள் வேஷத்தைக் கலைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். துளி சோப்பு. சின்னப் பிரஷ். மெத்தையின் மடிப்பில் இருந்த ரத்தத்தை, தூங்குகிற பிள்ளையின் காது மடலைத் துடைப்பதுபோல அவ்வளவு மெதுவாகத் துடைத்தான்.

வேலித் தடுக்கைத் தள்ளிக்கொண்டு கந்தவேல் வந்தான். கடைவாயில் ரத்தம் உறைந்திருந்தது. கையில் வெளுத்த செட்டு, மெத்தை பாதி பிரிந்து தொங்கியது.

"ஏன்டா நெசத்தைச் சொன்னே?" என்றான்.

வெள்ளியங்கிரி செட்டைத் தண்ணீரில் அலசினான்.

"அம்பது வருசமா நீ என்றகிட்ட ஒரு நெசம் பேசியிருக்கறயா? அன்னிக்கு மட்டும் என்னத்துக்குடா பேசுனே? வெளுக்கறவன் பல்லு வெறும் தண்ணியில வெளுத்துச்சுன்னா எவன்டா நம்புவான்? அந்தப் புள்ளகிட்டயும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கறேன்னு நெனச்சுப்போட்டேன். நாலு கேன் ஊத்துனேன்டா. நாலு கேன்!"

"நாலு கேனா? நானே ஒரு டப்பாதான்டா ஊத்துனேன்" என்றான் வெள்ளியங்கிரி, வாய் தவறி.

கந்தவேலுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கண் சிவந்தது. துவைக்கிற கட்டையைக் கையில் எடுத்தான்.

"பொறு" என்றான் வெள்ளியங்கிரி. எழுந்து உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தான். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினான். தன் செட்டை ஒன்றில் போட்டான். "உன்ற மேல்செட்டு வாயில கெடக்குதே, அதையும் கழட்டி இதுல போடு. ஒடஞ்சா டாக்டரூட்டு அம்முணி ரெண்டு பேரையும் தொலைச்சுப்போடுவா. அடிக்கறது அப்பறம் அடிக்கலாம்."

கந்தவேல் யோசித்தான். மேல்செட்டைக் கழற்றினான். டம்ளரை முகர்ந்து பார்த்தான். மறுபடி முகர்ந்தான்.

"வெறும் தண்ணிதானா?"

"ஆமா."

"நெசமா?"

"போடறதுன்னா போடுடா."

போட்டான். உடனே கட்டையை வீசினான். இருவரும் முருங்கைமரத்தடிச் சேற்றில் கட்டிப் புரளத் தொடங்கினார்கள், கடிக்க ஒரு பல்லும் இல்லாமல். சௌந்திரம் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். கல்லின்மேலிருந்த இரண்டு டம்ளரையும் எடுத்து, கால் படாத உயரத்தில் ஜன்னல் மாடத்தில் வைத்து, தட்டால் மூடிவிட்டு உள்ளே போனாள்.